ஈயின் எச்சில்

1999-ஆம் ஆண்டு இலையுதிர் காலம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், நரி வேட்டைக்கென்றே ஃபாக்ஸ்ஹவுண்ட் நாய்களை வளர்த்துவந்த ஒரு நாய்ப்பட்டியில் நாய்கள் ஒவ்வொன்றாக நலியத் தொடங்கின. நன்றாக ஓடித் திரிந்தவை எலும்பும் தோலுமாயின. சிலவற்றுக்கு இரத்தக் கசிவு. சிலவற்றுக்குச் சிறுநீரகம் கெட்டது. சில செத்தும் போயின. திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு நம்ப முடியவில்லை. அங்கே தெரிந்தது லீஷ்மேனியா இன்ஃபான்டம் என்ற ஒட்டுண்ணி. மத்தியதரைக் கடலோர நாடுகளிலும் பிரேசிலிலும் நாய்களைக் கொல்வது அது. நியூயார்க்கில் அதற்கு என்ன வேலை?

இந்த ஒட்டுண்ணி ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் போக மணல் ஈ வேண்டும். பாடப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நோயுற்ற நாய்களைச் சுற்றி அந்த வேலையைச் செய்யும் ஈ எதுவும் அகப்படவில்லை. தேடலை விரித்தபோது அமெரிக்காவின் 18 மாநிலங்களிலும் கனடாவின் 2 மாகாணங்களிலும் ஃபாக்ஸ்ஹவுண்டுகளிடம் தொற்று இருப்பது தெரிந்தது. அக்கம்பக்கத்தில் வாழ்ந்த மற்ற இன நாய்களுக்கோ பெரும்பாலும் ஒன்றுமில்லை. இரத்தம் குறைந்த நாய்களுக்கு இந்த ஃபாக்ஸ்ஹவுண்டுகளின் இரத்தத்தை ஏற்றியபோது, ஏற்றிக்கொண்ட நாய்களுக்கும் நோய் வந்தது. கடைசியில் துலங்கிய முக்கிய வழி இதுதான்: தாய் நாயின் கருப்பையிலிருந்தே குட்டிகளுக்குத் தொற்று இறங்கிக்கொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக, ஈ இல்லாமலேயே.

இந்தச் சம்பவத்தை அத்தியாயத்தின் வாசலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு நாயை முன்னால் நிறுத்தினால் அதன் இரத்தத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. மணல் ஈ உன்னைக் கடித்ததா? ஒட்டுண்ணி உன் உடலுக்குள் இருக்கிறதா? கேட்க ஒன்றுபோலத் தோன்றினாலும் இவை வேறுவேறு கேள்விகள். ஃபாக்ஸ்ஹவுண்டு இரண்டாவதற்கு ‘ஆம்’ என்றும் முதலாவதற்கு ‘இல்லை’ என்றும் சொல்லும். ஸ்பெயினில் ஒரு தோட்டக் காவல் நாய் இதைத் தலைகீழாகச் சொல்லக்கூடும். இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொள்ள அறிவியலுக்கு ஏறக்குறைய நூறாண்டு பிடித்தது. பிரிக்காமல் கேட்ட காலத்தில் எத்தனையோ நாய்கள் வீணாக உயிரிழந்தன என்பதே என் முடிவு.

இந்த ஒட்டுண்ணிக் குடும்பத்தின் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. கல்கத்தா அருகே டம்டம்மில் காய்ச்சல் கண்டு இங்கிலாந்து திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில், வில்லியம் லீஷ்மன் முட்டை வடிவத்தில் சிறு சிறு உருவங்களைப் பார்த்தார். 1903-இல் அதை எழுதினார். அதே ஆண்டில், மதராஸ் அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன் தம் நோயாளிகளின் மண்ணீரலில் அதே உருவங்களைக் கண்டார். யார் முதலில் என்ற பேச்சு எழுந்தபோது, மலேரியா புகழ் ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவனி என்று சூட்டிவிட்டார். நாம் கருங்காய்ச்சல் என்று அழைக்கும் காலா அசாருக்குக் காரணம் அதுதான்.

அது எப்படிப் பரவுகிறது என்ற கேள்விதான் பிடிகொடுக்காமல் இழுத்தடித்தது. மதராஸிலேயே ஆய்வு செய்த பேட்டன் மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்தார். பொருந்தக்கூடிய சந்தேகம்தான், நோய் வீட்டுக்கு வீடு ஒட்டிக்கொண்டுதானே போனது. 1924-இல் கல்கத்தாவில் மணல் ஈயின் குடலுக்குள் ஒட்டுண்ணி பெருகுவதைப் பார்த்தார்கள். ஆனால் அந்த ஈயைக் கடிக்கவிட்டு நோயை உண்டாக்க முடியவில்லை. ஆண்டுகள் ஓடின. முடிச்சை அவிழ்த்தது உலர்ந்த திராட்சை! முதல் முறை இரத்தம் குடித்த ஈக்கு மீண்டும் இரத்தமே கொடுக்காமல் திராட்சையைக் கொடுத்தால் ஒட்டுண்ணி குடலின் முன்புறம் வரை அடைத்துக்கொண்டு பெருகியது. தாவரச் சாற்றின் சர்க்கரையும் அந்த ஈயின் உணவு என்பதை ஆய்வுக்கூடம் அதுவரை மறந்திருந்தது. 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் அப்படி வளர்த்த ஈக்களைத் தன்னார்வலர்கள் ஐந்து பேரைக் கடிக்கவிட்டார்கள். ஐவருக்கும் தொற்று வந்தது.

நாய் இந்தக் கதைக்குள் வந்தது வேறு கடற்கரையில். 1908-இல் துனிஸ் நகரில் சார்ல் நிக்கோல், குழந்தைகளைப் பீடித்த இதே மாதிரியான காய்ச்சலை ஆராய்ந்துகொண்டிருந்தார். குழந்தைகளிடம் கண்டதால்தான் ‘இன்ஃபான்டம்’ என்ற பெயர். அதே ஆண்டு அவரும் கோம்ட் என்பவரும் நாய்களின் உடலிலும் அந்த ஒட்டுண்ணியைக் கண்டார்கள். பின்னாளில் ஒரு வேறுபாடு தெளிவாயிற்று. இந்தியக் கருங்காய்ச்சல் மனிதரிடமிருந்து ஈ வழியாக மனிதருக்குப் போகிறது. மத்தியதரைக் கடலோரத்திலும் பிரேசிலிலும் நடுவில் நாய் நிற்கிறது. நாயிடம் ஊறிக் கிடக்கும் ஒட்டுண்ணியை ஈ உறிஞ்சி, ஒரு பகுதியை நாய்க்கே திருப்பித் தருகிறது. ஒரு பகுதி எப்போதாவது ஒரு குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது.

மணல் ஈ என்ற பெயரைக் கேட்டுக் கடற்கரை மணலைக் கிளறிப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், உடல் முழுக்க மயிர், மணல் நிறம். உட்காரும்போது இறக்கைகளைத் தூக்கிப் பிரித்து வைத்துக்கொள்ளும். கொசுவைப் போல் ரீங்காரம் கிடையாது. தத்தித் தத்திப் பறக்கும். தண்ணீரில் முட்டையிடாது. மாட்டுத் தொழுவத்தின் ஈர மண், கோழிக் கூண்டின் அடி, சுவர் வெடிப்பு, இலைக்குப்பை ஆகியவையே அதன் பிள்ளைப்பேற்று அறைகள். பெண் ஈ மட்டும்தான் இரத்தம் குடிக்கும். மாலை கவிந்த பிறகு வந்து, நாயின் மூக்கு, காது மடல், வயிறு என்று மயிர் குறைந்த இடமாகப் பார்த்து உட்காரும்.

உட்கார்ந்து அது செய்வதுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். கொசு ஊசி போல நுழைத்து நாளத்தைத் தேடும். மணல் ஈக்கு அந்த நளினம் கிடையாது. ரம்பப் பல் கொண்ட வாயால் தோலை அறுத்து, நுண்ணிய நாளங்களைக் கிழித்து, ஊறும் இரத்தக் குட்டையிலிருந்து குடிக்கும். குட்டை உறைந்துவிடக் கூடாது, நாளம் சுருங்கிவிடக் கூடாது, வலித்து நாய் சிலிர்த்துவிடவும் கூடாது. இதற்கெல்லாம் சேர்த்துத் தன் எச்சிலைத் துப்புகிறது. அதில் உறைதலைத் தடுக்கும் புரதம் இருக்கிறது. நாளத்தை விரிக்கும் புரதமும் இருக்கிறது. பிரேசில் ஈயில் கண்டெடுத்த மாக்சடிலான் அப்படிப்பட்டது. அரிப்பையும் நாளச் சுருக்கத்தையும் தூண்டும் ஹிஸ்டமின், செரொட்டொனின் போன்றவற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும் புரதங்களும் உண்டு. பழ ஈயின் ‘மஞ்சள்’ மரபணுவுக்கு உறவான இவற்றை மஞ்சள் குடும்பப் புரதங்கள் என்பார்கள். இந்தக் குடும்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சிலுக்குப் பிறகு வருவோம். இரண்டு கேள்விகளில் இரண்டாவதை, ஒட்டுண்ணியைக் கண்டுபிடிப்பதை, முதலில் பார்த்துவிடலாம். நோய் முற்றிய நாயைப் பார்த்தால் மத்தியதரைக் கடலோரத்தில் தொழில் செய்யும் கால்நடை மருத்துவருக்குச் சந்தேகம் எழுந்துவிடும்: கண்ணைச் சுற்றி மயிர் உதிர்ந்து கண்ணாடி போட்டது போன்ற முகம், தவிடு போல் உதிரும் தோல், வீங்கிய நெறிக்கட்டிகள், தேயாமல் வளைந்து நீளும் நகங்கள். ஆனால் தொற்றிய நாய்களில் பெரும்பகுதிக்கு இவை எதுவுமே இல்லை. வாலாட்டிக்கொண்டு, தின்றுகொண்டு, பார்வைக்கு நலமாக இருக்கும். சில ஆயுள் முழுக்க அப்படியே இருந்துவிடும்.

எனவே உள்ளே தேட வேண்டும். எலும்பு மஜ்ஜையிலோ நெறிக்கட்டியிலோ ஊசி செலுத்தி, எடுத்ததைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது பழைய வழி. கண்டால் சந்தேகமே இல்லை. காணாவிட்டால் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. குறைவாக இருக்கும் ஒட்டுண்ணி ஒரு சொட்டில் அகப்படாமல் போகலாம்.

இரண்டாம் வழி, உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. எலைசா சோதனையில் ஒட்டுண்ணியின் புரதத்தைத் தட்டில் பூசி நாயின் இரத்தநீரை ஊற்றுவார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், நிறம் மாறும். 1993-இல் பிரேசில் ஒட்டுண்ணியிலிருந்து கண்டெடுத்த கே39 என்ற புரதத்துண்டு இந்தச் சோதனையைக் கைக்கு அடக்கமான பட்டையாக மாற்றிவிட்டது. ஒரு சொட்டு இரத்தம், சில நிமிடங்கள், ஒரு கோடு. மின்சாரம் இல்லாத ஊரிலும் செய்யலாம்.

ஆனால் எதிர்ப்பொருள் என்பது உடலின் நினைவு. எதிரி வந்த உடனே நினைவு உருவாகிவிடாது; தொற்றி மாதக்கணக்கில் ‘இல்லை’ என்றே காட்டும் நாய்கள் உண்டு. குட்டிக்குத் தாய்ப்பாலில் வந்த நினைவும் ‘உண்டு’ என்று காட்டிவிடும். தென் அமெரிக்காவில் இதன் உறவுக்கார ஒட்டுண்ணியான டிரிபனோசோமா குருசி வேறு குழப்பும். அதற்கு எதிரான நினைவும் இந்தத் தட்டில் போய் ஒட்டும்.

மூன்றாவது பி.சி.ஆர். லீஷ்மேனியாவின் ஒவ்வொரு செல்லிலும் கைனெட்டோபிளாஸ்ட் என்ற உறுப்பில் சிறு வளையங்களாக டி.என்.ஏ. ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கிறது. ஒரே பிரதியைத் தேடுவதைவிட ஆயிரம் பிரதியைத் தேடுவது எளிது அல்லவா? அதனால் இந்த வளையங்களைக் குறிவைத்த பி.சி.ஆர். மிகக் கூர்மையானது. இரத்தத்தைவிட மஜ்ஜை, நெறிக்கட்டி, தோல் இவற்றில் அகப்படும் வாய்ப்பு அதிகம். கண்ணிமையின் உட்புறத்தைப் பஞ்சால் தடவி எடுத்தாலே பல சமயம் போதும் என்று பிறகு கண்டுகொண்டார்கள். ஊசி வேண்டாம், நாய்க்கு வலியும் இல்லை. இந்த ஒரு முன்னேற்றமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நான்காவது வழி கடினமானது, ஆனால் நேர்மையானது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சுத்தமான மணல் ஈக்களை நாயைக் கடிக்கவிட்டு, சில நாள் கழித்து ஈயின் வயிற்றைப் பிளந்து பார்ப்பார்கள். ‘தொற்று இருக்கிறதா’ என்று கேட்காமல் ‘ஈக்குத் தொற்றைக் கொடுக்கிறதா’ என்று கேட்பது இது ஒன்றுதான். பிரேசிலில் இப்படிச் சோதித்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. தொற்றிய நாய்கள் எல்லாமே ஈக்களுக்குத் தொற்றைத் தருவதில்லை. பெரும்பங்கு தொற்றுக்குச் சிறு எண்ணிக்கை நாய்களே காரணம்.

அந்த உண்மை பிரேசிலின் நாய்களுக்கு மிகத் தாமதமாகவே உதவியது. 1960-களிலிருந்தே எதிர்ப்பொருள் கண்ட நாயைப் பிடித்துக் கொல்வது அங்கே அரசின் கொள்கை. சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வருவார், காதில் குத்தி இரத்தம் எடுப்பார், முடிவு வரும். மறுபடி வரும்போது நாயை அழைத்துப் போவார். முடிவு வர நாளாகும். அதற்குள் ஈக்கள் அந்த நாயை எத்தனையோ முறை கடித்திருக்கும். சோதனையில் தப்பிய நாய் தெருவில் இருக்கும். தவறாக ‘உண்டு’ என்று காட்டிய நாய் மண்ணுக்குள் போயிருக்கும். நாயை இழந்த வீடு வெறிச்சோடி இருக்காது. ஒரு குட்டியைக் கொண்டுவரும். சாவோ பாவ்லோ மாநிலத்தின் அராசத்துபா நகரில் பின்தொடர்ந்து பார்த்தவர்கள், அப்படிப் புதிதாக வந்த நாய்களுக்கும் அதே வீட்டில் தொற்று வருவதைக் கண்டார்கள். ஈ அங்கேயே இருந்தது. நோயை எதிர்த்து அதுவரை நின்ற நாய் போய், எதையும் அறியாத குட்டி வந்தது. 2011-க்குப் பிறகு முதலில் பட்டைச் சோதனை, பிறகு எலைசா என்று முறையைத் திருத்தினார்கள். 2016-இல் மில்டெஃபோசின் மருந்தால் நாய்க்குச் சிகிச்சையளிக்கவும் அனுமதி வந்தது. இந்தத் திருத்தங்கள் எல்லாம் இரண்டாம் கேள்விக்கான பதிலைக் கூர்மையாக்கின. ஈ எங்கே, எவ்வளவு என்ற முதல் கேள்வி அப்போதும் ஓரத்திலேயே நின்றது.

இப்போது எச்சிலுக்குத் திரும்புவோம். ஈ துப்பும் எச்சில் நாயின் உடலுக்கு அந்நியப் புரதம். எனவே அதற்கும் எதிர்ப்பொருள் உண்டாகிறது. ஒட்டுண்ணி இல்லாத ஈ கடித்தாலும் உண்டாகும். இந்த எளிய உண்மைதான் திறவுகோல். பிராகில் உள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் வோல்ஃப் குழுவினர் பீகிள் நாய்களைக் கணக்கிட்ட எண்ணிக்கையில் ஈக்களைக் கடிக்கவிட்டு இரத்தத்தை அளந்தார்கள். கடி கூடக் கூட எதிர்ப்பொருள் ஏறியது; நிறுத்தினால் மாதக்கணக்கில் மெல்ல இறங்கியது. தெற்கு ஐரோப்பாவில் மணல் ஈ கோடையில் பெருகிக் குளிர்காலத்தில் அடங்கும். இயற்கையாகக் கடிபடும் இத்தாலிய நாய்களைப் பின்தொடர்ந்தபோது எச்சில் எதிர்ப்பொருளும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது. நாயின் இரத்தம் ஈயின் பருவத்தைப் பதிவு செய்யும் மழைமானி ஆகிவிட்டது.

தடை ஒன்று இருந்தது. சோதனைக்கு எச்சில் வேண்டும். நுண்ணோக்கியின் கீழ் ஈயின் தலையை மெல்ல இழுத்தால் கண்ணாடிக் குமிழ் போல இரண்டு சுரப்பிகள் வெளியே வரும். ஒரு ஈயிடம் கிடைப்பது ஒரு மைக்ரோகிராம் அளவுகூடத் தேறாத புரதம். ஆயிரம் நாய்களைச் சோதிக்க எத்தனை ஈக்களின் தலையை இழுப்பது? அதோடு முழு எச்சிலைப் பயன்படுத்தினால் வேறு வகை ஈயின் கடியும் குழப்பும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஜீசஸ் வலென்சுவேலா, ஷாடன் காம்ஹாவி குழுவினரும் பிராக் குழுவினரும் இதற்கு விடை தேடினார்கள். நாம் நினைவில் வைத்துக்கொண்ட மஞ்சள் குடும்பப் புரதங்கள் கைகொடுத்தன. பிரேசில் ஈயான லூட்சோமியா லாங்கிபால்பிஸின் எல்.ஜே.எம்.11, எல்.ஜே.எம்.17, ஐரோப்பிய ஈயான ஃபிளெபோட்டமஸ் பெர்னிசியோசஸின் எஸ்.பி.03பி. இவற்றின் மரபணுவை வேறு செல்லுக்குள் புகுத்தி, ஈயே இல்லாமல் அளவின்றித் தயாரிக்கலாம். எல்.ஜே.எம்.11-உம் 17-உம் லாங்கிபால்பிஸ் கடியை இன்னொரு பிரேசில் ஈயின் கடியிலிருந்து பிரித்தும் காட்டின. எஸ்.பி.03பி-யை வைத்து, கே39 போலவே ஒரு பட்டைச் சோதனையும் செய்துவிட்டார்கள்.

இது எதற்குப் பயன்படும் என்று கேட்பவருக்கு மாட்ரிட் அருகே உள்ள ஃபுவென்லபிராதா நகரைச் சொல்வேன். 2009-க்குப் பிறகு அங்கே மனிதர்களுக்கு லீஷ்மேனியா நோய் திடீரெனப் பெருகியது. 2012 இறுதிக்குள் 400-க்கும் மேற்பட்டவர்களுக்கு. வழக்கப்படி எல்லோரும் நாயைப் பார்த்தார்கள். ஆனால் நாய்களைச் சோதித்தபோது தொற்று குறைவாகவே இருந்தது. பிடிபட்ட ஈக்களின் வயிற்றில் முயல் இரத்தமும் காட்டுமுயல் இரத்தமும் இருந்தன. நகரை ஒட்டிப் புதிதாக அமைத்த பெரிய பூங்காவில் காட்டுமுயல்களும் முயல்களும் எதிரிகள் இல்லாமல் பெருகியிருந்தன. அவற்றின் இரத்தத்தில் பெர்னிசியோசஸ் எச்சிலுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஏராளம். காட்டுமுயலை ஈக்கள் கடிக்கவிட்டுப் பார்த்தபோது ஈக்களுக்குத் தொற்றியது. நாயைப் பிடிக்கும் வண்டி அந்த ஊரில் ஓடியிருந்தால், குற்றமற்றதைக் கொன்றுவிட்டு நோயை விட்டுவைத்திருப்பார்கள்.

எச்சில் சோதனையின் பதில்கள் எப்போதும் நேர்க்கோட்டில் வருவதில்லை. கடி அதிகம் என்றால் ஆபத்து அதிகம் என்றுதான் தோன்றும். ஆனால் அதே இத்தாலிய நாய்களில், எச்சில் எதிர்ப்பொருள் கூடுதலாக இருந்தவற்றுக்குத் தொற்று குறைவாக இருந்தது. தொற்றில்லாத ஈக்கள் முன்பே கடித்திருந்த எலிகள் பிறகு தொற்றுள்ள கடியைத் தாங்கியதை 2000-ஆம் ஆண்டிலேயே காம்ஹாவி காட்டியிருந்தார். கடித்த இடத்தில் எச்சிலுக்கு எதிராகக் கிளம்பும் படை, கூடவே வந்த ஒட்டுண்ணியையும் சேர்த்து அடிக்கிறது போலும். அப்படியானால், வடக்கிலிருந்து கோடை விடுமுறைக்கு எஜமானரோடு ஸ்பெயினுக்குப் போகும், ஈயையே அறியாத நாய்தான் அதிகம் கவலைப்பட வேண்டியது.

அப்படிப்பட்ட நாய்க்குக் கழுத்தில் டெல்டமெத்ரின் ஊறிய பட்டை ஒன்று போதும். ஈ வந்து உட்கார்ந்தாலும் பெரும்பாலும் குடிக்காமல் விழுந்துவிடும். ஈரானின் வடமேற்கில் ஊர் ஊராகப் பிரித்துச் சில ஊர்களின் நாய்களுக்கு மட்டும் இந்தப் பட்டையைக் கட்டிப் பார்த்தார்கள். பட்டை கட்டிய ஊர்களில் குழந்தைகளுக்கு வரும் தொற்றும் குறைந்தது என்று 2002-இல் முடிவு வெளியானது. நாயைக் கொல்லாமல் குழந்தையைக் காக்கலாம் என்பதற்கு அது வலுவான சான்று. பட்டை வேலை செய்கிறதா என்று ஒட்டுண்ணிச் சோதனையை வைத்து அறிய ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். எச்சில் எதிர்ப்பொருளோ ஒரே பருவத்தில் இறங்கத் தொடங்கிவிடும். பட்டை கழன்ற நாயின் இரத்தத்தில் அது ஏறிக்கொண்டேயிருக்கும்.

கேள்வி நம் பக்கமும் வந்துவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், திருவனந்தபுரம் மாவட்டத்துக் காணிக்காரர் குடியிருப்புகளில் தோலைத் தாக்கும் லீஷ்மேனியா நோய் இருக்கிறது. புதுச்சேரியில் உள்ள நோய்ப்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தினர் அங்குள்ள வீட்டு நாய்களிடம் டோனவனி ஒட்டுண்ணியைக் கண்டு 2017-இல் எழுதினார்கள். இந்தியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்கு மட்டும் என்று நம்பியிருந்த ஒட்டுண்ணி அது. நம் ஊர் மணல் ஈயான ஃபிளெபோட்டமஸ் அர்ஜென்டைப்ஸின் எச்சில் புரதங்களும் இப்போது சோதனைக்கு வந்துவிட்டன. அந்த மலைக் குடியிருப்பில் முற்றத்து நாயின் காதிலிருந்து எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்திடம் ஒட்டுண்ணியைப் பற்றியும் கேட்கலாம், ஈயைப் பற்றியும் கேட்கலாம். அந்த நாய் ஈக்கு நோயைத் தருகிறதா, வெறுமனே வாங்கிக்கொண்டு நிற்கிறதா என்று தெரியும்வரை அதன் மீது யாரும் கைவைக்க வேண்டியதில்லை. கழுத்தில் ஒரு பட்டை கட்டினால் போதும்.